பெண்பிள்ளைகள் கோடை முகாம்: முதல் நாளைப் பற்றிப் பெற்றோர் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளாகவே என் போன் ஒலிக்கத் தொடங்கிவிடும். தேன்கனிக்கோட்டை அருகே ஒரு பள்ளி விடுதியில் மே மாதத்தில் பத்து நாள் எங்கள் முகாம் நடக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் பதிவு மேசையில் உட்காருவது என் வேலை. ஒரே சந்தேகத்தை ஊத்தங்கரை அம்மாவும் பென்னாகரம் அப்பாவும் தனித்தனியாகக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பாதிக் கேள்விகள் பெட்டியில் என்ன வைப்பது என்பதைப் பற்றித்தான். பெட்டியில் எது விடுபட்டாலும் தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். மேசையில் சொல்லாமல் விட்டதைத்தான் நடு இரவில் எங்கே போய்த் தேடுவது என்று தெரியாது. அதனால் மருந்து, பயம், மாதவிலக்கு தொடர்பான கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும்? எந்த பஸ்ஸில் வருவது?

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணிக்குள் வந்து சேருங்கள். கத்திரி வெயில் நேரம். உச்சிப்பொழுதில் பெட்டியும் பிள்ளையுமாக பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தால், வந்ததும் வராததுமாகப் பிள்ளைக்குத் தலைவலி வந்துவிடும்.

தருமபுரியிலிருந்து வருவோர் பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக வரலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். ராயக்கோட்டை வழியாக வாருங்கள், அல்லது ஓசூர் போய் அங்கிருந்து தேன்கனிக்கோட்டை பஸ் ஏறுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறினால் அம்மாவுக்கும் மகளுக்கும் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. கூட வரும் அப்பாதான் காசு கொடுக்க வேண்டும்.

பதிவு மேசையில் என்ன நடக்கும்? ரொம்ப நேரம் காக்க வைப்பீர்களா?

கூட்டம் இல்லாவிட்டால் அரை மணி நேரம். முதலில் பெயர், வகுப்பு, பெற்றோர் எண் எழுதுவோம். முகாம் முடிந்து அழைத்துப்போக வரக்கூடிய இரண்டு பேரின் பெயரையும் உறவையும் கேட்போம். அடுத்த மேசையில் செவிலியர் இருப்பார். அவரிடம்தான் மருந்துகளைக் கொடுக்க வேண்டும். பிறகு பேன் இருக்கிறதா என்று தலை பார்ப்போம், கட்டில் காட்டுவோம், தட்டும் டம்ளரும் கொடுப்போம்.

இடையில் அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுப்போம். "சிரி பாப்பா" என்று பக்கத்தில் நின்று வற்புறுத்த வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேமராவைப் பார்த்ததும் புறங்கையால் வாயை மூடிக்கொள்வார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு, பல்லில் பழுப்புக் கறையாக ஏறியிருக்கும். வாயை மூடிய படமே எங்களுக்குப் போதும். நான்காம் நாள் கபடி ஆட்டத்தில் எடுக்கும் படத்தில் அதே பிள்ளை முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கத்திக்கொண்டிருப்பாள்.

பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும்?

சுடிதாரோ பாவாடை சட்டையோ, அவள் ஓடியாடப் பழகிய உடை ஆறு. இரவு உடை இரண்டு, உள்ளாடை தாராளமாக, துண்டு இரண்டு, போர்வை ஒன்று, பின்னால் வார் வைத்த செருப்பு, மூடி உள்ள ஸ்டீல் தண்ணீர் பாட்டில், சோப்பு, எண்ணெய், சீப்பு, டார்ச். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். எட்டுப் பேர் துணி ஒரே கொடியில் காயும்போது வெள்ளைத் துண்டு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பக்கத்தில் உள்ள தளியை ஆங்கிலேயர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று சொன்னதை எங்கோ படித்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் வைத்து அனுப்பும் அம்மாக்கள் உண்டு. இந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது என்பது உண்மைதான். அரூரிலிருந்து வரும் பிள்ளைக்கு விடியற்காலையில் லேசாகக் குளிரும். அதற்குப் போர்வை போதும். ஸ்வெட்டர் வைத்த இடத்தில் இன்னொரு துண்டு வையுங்கள்.

பெட்டியை அவளையே அடுக்கச் சொல்லுங்கள். அம்மா அடுக்கிய பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முதல் இரவே மொத்தத்தையும் கட்டிலில் கொட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் எப்படி? வீட்டிலிருந்து கேன் கொண்டுவரலாமா? காய்ச்சிக் கொடுப்பீர்களா?

கேன் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான். இரு மாவட்டங்களின் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்.

காய்ச்சுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்ன? என் மகள் களி சாப்பிட மாட்டாளே.

காலை இட்லி, உப்புமா, பொங்கல் மாறி மாறி வரும். மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர். இரவில் வாரத்துக்கு இரண்டு நாள் ராகிக் களியும் கீரைக் குழம்பும். களி வேண்டாம் என்பவளுக்குச் சோறு இருக்கும், கட்டாயம் இல்லை. புதன், ஞாயிறு கோழிக்கறி. ஹலால் கடையில்தான் வாங்குகிறோம். சைவப் பிள்ளைகளுக்கு அடுப்பும் கரண்டியும் வேறு.

நகரத்துப் பிள்ளைகள் களியை வெறுப்பதற்கு ஒரே காரணம், அதை மெல்லப் பார்ப்பதுதான். மென்றால் அது பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். முதல் நாள் இரவே எங்கள் சமையல்கார அம்மா பந்தியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடுவார். விரலைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், ஓரத்திலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ள வேண்டும், உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அதில் குழம்பை அள்ளி, அப்படியே விழுங்க வேண்டும். அதன் பிறகு யார் அதிக உருண்டை விழுங்குவது என்ற போட்டியைத் தடுப்பதுதான் எங்கள் வேலையாகிவிடும்.

தின்பண்டம் கொடுத்து அனுப்பலாமா? எங்கள் தோட்டத்து மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுவருகிறோமே.

கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மே மாதத்தில் மாம்பழம் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பெட்டி என்று வந்து, முதல் நாள் மதியமே பதிவு மேசைக்கு அடியில் செந்தூராவும் பெங்களூராவும் பீத்தரும் மலையாகக் குவிந்துவிடும். மூன்றாம் நாள் ஈ மொய்க்கும், பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். கொடுத்தே தீருவேன் என்பவர்கள் காய்வெட்டாக ஒரு பை கொடுங்கள். வைக்கோலில் பழுக்க வைத்து எல்லோருக்கும் பொதுவாக வெட்டிக் கொடுப்போம். கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைத்தது வேண்டவே வேண்டாம். அதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

முறுக்கு, கடலை உருண்டை போன்றவை ஒரு டப்பா போதும். அதுவும் பொது அலமாரிக்குத்தான் போகும். அறைக்குள் தின்பண்டம் கூடாது என்பதற்கு எறும்பும் எலியும் முதல் காரணம். எலியைத் தேடி வருவது இரண்டாவது காரணம். யானை, பாம்பு பற்றிய கேள்வியில் அதைப் பாருங்கள்.

கம்மல், கொலுசு, மந்திரித்த கயிறு எல்லாம்?

தங்கம் வேண்டாம். காது தூர்ந்துவிடும் என்று பயந்தால் சின்னத் தோடு ஒன்று போதும். கொலுசைக் கழற்றிவிட்டு வரட்டும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருத்தி இரவில் எழுந்து நடந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். கயிறு, தாயத்து, சிலுவை, மணிமாலை எதையும் நாங்கள் கழற்றச் சொல்வதில்லை.

போன் கொண்டுவரக் கூடாதா? முதல் நாள் ராத்திரி ஒரே ஒரு முறை பேச விட்டால் என்ன குறைந்துவிடும்?

போன் கூடாது. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் முகாம் போனிலிருந்து ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் பேசலாம். முதல் இரவு மட்டும் இல்லை.

"சாப்பிட்டாயா கண்ணு?" என்று அம்மாவின் குரல் கேட்ட மாத்திரத்தில், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவளின் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவள் அழுவதைக் கேட்டு நீங்கள் அழுவீர்கள். உங்கள் குரல் உடைந்ததும் அவள் இன்னும் அழுவாள். இதைப் பார்த்து அறையில் இருக்கும் மற்ற ஏழு பேருக்கும் வீட்டு நினைவு வந்துவிடும். அதனால் முதல் இரவு 9 மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தார்கள் என்று பெற்றோர் குழுவில் செய்தி போடுகிறோம். உங்கள் மகளுக்கு ஏதாவது என்றால் குழுவில் போட மாட்டோம், நேரடியாக உங்களை அழைப்போம். போன் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று பொருள்.

என் மகள் என்னை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை. முதல் இரவு மட்டும் நானோ அவள் பாட்டியோ கூடத் தங்கலாமா?

முடியாது. ஒரு பாட்டி தங்கினால் அந்த அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு, "எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று தோன்றும். உங்கள் மகளும் பாட்டி முந்தானையை விட்டு நகர மாட்டாள். இரண்டாம் நாள் பாட்டி கிளம்பும்போது முதல் நாள் அழுகை அப்படியே மிச்சம் இருக்கும்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அவளை அத்தை வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ ஓர் இரவு தங்க வையுங்கள். அவள் போர்த்திப் பழகிய, உங்கள் பழைய புடவையில் தைத்த போர்வை இருந்தால் அதையே கொடுத்து அனுப்புங்கள்.

கிளம்பும்போது அழுது காலைக் கட்டிக்கொண்டால்? சொல்லாமல் நழுவிப் போய்விடலாமா?

நழுவிப் போவதை மட்டும் செய்யாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அம்மாவைக் காணவில்லை என்றால், அதன் பிறகு அந்தப் பிள்ளை எங்களையும் நம்பாது. கட்டிலைப் பார்த்தாயிற்று, பெட்டியை வைத்தாயிற்று என்றதும், "நான் கிளம்புகிறேன். பத்து நாள் கழித்து, புதன்கிழமை காலையில் வந்து அழைத்துப்போகிறேன்" என்று நாளைச் சொல்லி, ஒருமுறை அணைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பி வராதீர்கள். மரத்தடியில் மறைந்து நின்று எட்டிப் பார்க்கும் அப்பாக்களைப் பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"அழாதே, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று சொல்லவும் வேண்டாம். அழுகை வந்தால் அழட்டும். அழும் பிள்ளைக்கு உடனே ஒரு வேலை கொடுப்பது எங்கள் வழக்கம்: தட்டு அடுக்குவது, வந்தவர்கள் பெயரை அட்டையில் எழுதுவது, சின்னவளுக்குக் குழாயடி காட்டுவது. கைக்கு வேலை வந்தால் கண்ணீர் பெரும்பாலும் நின்றுவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்களில் ஒருத்தி அவள் கூடவே இருப்பாள். எங்கள் அனுபவத்தில் இரண்டாம் நாள் மாலைதான் வீட்டு நினைவு ரொம்பத் தொல்லை செய்யும். முதல் நாள் எல்லாமே புதிதாக இருப்பதால் பாதிப் பேருக்கு அழ நேரமிருக்காது.

அக்கா தங்கை இரண்டு பேரும் வருகிறார்கள். ஒரே அறையில் போடுவீர்களா? தோழிகள் ஒன்றாக வந்தால்?

அக்கா தங்கைக்கு ஒரே தளம், வேறு வேறு அறை. அக்காவும் பிள்ளைதான். பத்து நாளும் தங்கைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே இருக்க அவள் முகாமுக்கு வரவில்லை. தோழிகளில் ஒருத்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான்கைந்து பேர் ஒரே பள்ளியிலிருந்து ஒரே அறைக்கு வந்தால், அந்த அறையில் புதிதாக வரும் ஒருத்தி வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். தமிழ் சரளமாக வராது. கேலி செய்ய மாட்டார்களா?

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசாத பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து உருது பேசும் பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். அக்காக்களில் இந்த மூன்று மொழிகளும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பதிவு மேசையில் வீட்டு மொழியைச் சொல்லிவிடுங்கள். கனவு கண்டு பயந்து எழும் பிள்ளை பள்ளியில் படித்த மொழியில் பேச மாட்டாள். அந்த நேரத்தில் யாரை எழுப்புவது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேன் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்களா?

மாட்டோம். திரை போட்டுத்தான் தலை பார்ப்போம். பேன் இருந்தால் அன்று மாலையே எண்ணெய் தேய்த்து, பேன் சீப்பால் வாரி, தலைக்குக் குளிக்க வைப்போம். அவள் சீப்பும் தலையணையும் அவளுக்கு மட்டும். வருவதற்கு முதல் நாள் நீங்களே வாரிவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறாள். அதைச் சொன்னால் சேர்க்க மாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் இந்தப் பதில்களை எழுதியதே பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, ரத்தசோகை எது இருந்தாலும் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். வலிப்பு மாத்திரையை மறைத்து, "பத்து நாள்தானே, நிறுத்தி வைக்கலாம்" என்று அனுப்புவதுதான் ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும்.

மாத்திரையை அட்டையோடு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கொடுங்கள். பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் எது எது என்று தெரியாது. ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்கும், எப்படி இழுக்கிறாள் என்று செவிலியர் ஒருமுறை செய்துகாட்டச் சொல்வார். பள்ளியில் வியாழக்கிழமைதோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, கடலையோ முட்டையோ சாப்பிட்டால் தடிப்பு வருமா, இதெல்லாம் அந்த மேசையிலேயே சொல்ல வேண்டியவை.

இதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. ஏழாவது படிக்கிறாள், இன்னும் சில நாள் படுக்கையை நனைத்துவிடுகிறாள்.

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு அம்மா எல்லோரும் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார். சொல்லாமல் போகிறவர்கள் அதைவிட அதிகம் என்று கொடியில் காயும் போர்வைகளைப் பார்த்தால் தெரிகிறது. தயவுசெய்து சொல்லிவிடுங்கள், போனிலேயே சொன்னாலும் போதும். கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில் கொடுப்போம், ரப்பர் ஷீட் போடுவோம், இரவு 11 மணிக்கு அக்கா எழுப்பி அழைத்துப்போவாள். அறையில் வேறு யாருக்கும் தெரியாது. படுக்கும் முன் தண்ணீர் குறைவாகக் குடித்தால் போதும், வெயில் காலத்தில் பகலில் குறைக்கக் கூடாது.

மாதவிலக்கு நாள் முகாமில்தான் வரும். அனுப்பலாமா? தனியாக உட்கார வைப்பீர்களா?

அனுப்பலாம். தனியாக உட்கார வைப்பது இங்கே கிடையாது. சமையலறைக்குள்ளும் போகலாம், பந்தியிலும் உட்காரலாம், வயிறு வலிக்காவிட்டால் விளையாடவும் செய்யலாம். அரசின் புதுயுகம் திட்டத்தில் பள்ளியில் கொடுக்கும் நாப்கினுக்குப் பழகியவள் அதையே கொண்டுவரட்டும். எங்களிடமும் இருக்கிறது, ஒவ்வொரு குளியலறை அலமாரியிலும் வைத்திருப்போம். யாரிடமும் கேட்க வேண்டாம். மூடியுள்ள தொட்டி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே காட்டிவிடுவோம்.

முகாமில் இருக்கும்போது வயதுக்கு வந்துவிட்டால்?

6, 7ஆம் வகுப்பு அம்மாக்களின் கேள்வி இது. பாதிப் பேர் இதற்காகவே அனுப்பத் தயங்குகிறார்கள். அவளிடம் முன்பே பேசிவிடுங்கள். ஒன்றும் தெரியாமல் ரத்தத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது என்றுதான் தோன்றும்.

அப்படி நடந்தால் முதலில் அவளுக்கு வேண்டியதைச் செய்வோம், பிறகு அம்மாவுக்கு மட்டும் சொல்வோம். குழுவில் போடவோ மற்ற பிள்ளைகளிடம் சொல்லவோ மாட்டோம். வந்து அழைத்துப்போய், தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர் எல்லாம் செய்வது உங்கள் விருப்பம். அன்று மாலையே வரலாம், தடை இல்லை. ஆனால் பல பிள்ளைகள், "முகாம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் அக்கா" என்று கெஞ்சுகிறார்கள். அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மட்டும் நான் சொல்வேன். மாமன் சீர் பத்து நாள் கழித்து வந்தாலும் குறைந்துவிடாது.

அந்தப் பக்கம் யானை வருமாமே? பாம்பு?

காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் பக்கத்தில்தான் இருக்கிறது. யானைக் கூட்டங்கள் பெரும்பாலும் ராகி அறுவடையை ஒட்டி, ஐப்பசிக்குப் பிறகு கர்நாடகக் காட்டிலிருந்து இந்தப் பக்கம் இறங்கும். மே மாதத்தில் கூட்டம் இருக்காது, ஒற்றை யானை எப்போதும் வரலாம். அதனால் மாலை 6 மணிக்கு மேல் கேட்டுக்கு வெளியே யாரும் போவதில்லை. பலாப்பழம் கொண்டுவராதீர்கள் என்பதற்கும் அதுதான் காரணம். அதன் வாசனை வெகுதூரம் போகும்.

பாம்புக்கு எங்கள் விதிகள்: இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும், அறைக்குள் தின்பண்டம் இருக்கக் கூடாது. தின்பண்டம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். கடித்தால் கட்டுப் போடுவதோ கீறிவிடுவதோ வேர் கொடுப்பதோ இல்லை. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

இரவில் ஆண்கள் யாராவது வளாகத்தில் இருப்பார்களா?

கேட்டில் காவலர் ஒருவர் இருப்பார், வெளிப்பக்கம். விடுதிக் கட்டிடத்துக்குள் பெண்கள் மட்டும். முதல் நாள் பெட்டி தூக்கி வரும் அப்பா, அண்ணன், மாமா எல்லோரும் முன்னறையோடு நின்றுகொள்ள வேண்டும், அங்கிருந்து அக்காக்கள் எடுத்துப்போவார்கள். பெட்டி கனமாக இருக்கிறது என்று சண்டை போடாதீர்கள். ஸ்வெட்டரை எடுத்துவிட்டால் கனம் குறையும்.

நடுவில் எங்கள் ஊரில் பாரதக் கூத்து, படுகளம். ஒரு நாள் அனுப்பி வைப்பீர்களா?

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவும் எங்கள் முகாமும் ஒரே மாதத்தில் வந்து மோதுவது எங்கள் தலையெழுத்து. அர்ச்சுனன் தபசுக்கு ஒரு நாள், துரியோதனன் படுகளத்துக்கு ஒரு நாள், தீமிதிக்கு ஒரு நாள் என்று கேட்டால் முகாமில் பிள்ளையே இருக்காது. ஒரே ஒரு நாள் என்றால் படுகளத்தைத் தேர்ந்தெடுங்கள். அது பகலில் முடிந்துவிடும், மாலை 5 மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விடலாம். இரவுக் கூத்துக்கு விட முடியாது. முதல் நாளே தேதியை எழுதிக் கொடுங்கள்.

10ஆம் வகுப்புத் தேர்வு முடிவு முகாம் நடக்கும்போது வந்தால்?

மே மாதத்தில்தான் வருகிறது, வரத்தான் செய்யும். மதிப்பெண் உங்கள் போனுக்கு வரும். அதை அவளுக்கு யார் சொல்வது என்பதை முதல் நாளே அவளோடு பேசி முடிவு செய்து எங்களிடம் சொல்லுங்கள். அன்று மட்டும் போன் விதி தளரும், தனி அறையில் அவள் உங்களோடு பேசலாம். எல்லோருடைய மதிப்பெண்ணையும் பலகையில் எழுதிப் பாராட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடியாது. குறைந்த மதிப்பெண் வந்தவள் அன்று இரவும் அதே அறையில்தான் படுக்க வேண்டும்.

நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். அவர் வந்து கேட்டால் மகளை அனுப்பக் கூடாது.

பதிவு மேசையில் இரண்டு பெயர் கேட்போம் என்று மேலே சொன்னேன். அந்த இரண்டு பேரைத் தவிர, பெற்ற அப்பாவாகவே இருந்தாலும், உங்களுக்குப் போன் செய்யாமல் அனுப்ப மாட்டோம். நீதிமன்ற உத்தரவு இருந்தால் ஒரு நகல் கொடுங்கள். உத்தரவில் அவருக்குப் பார்க்கும் உரிமை இருந்தால் முன்னறையில் பார்க்க விடுவோம். காகிதம் எதுவும் இல்லாமல், "அவர் நிழலே படக் கூடாது" என்றால், வாசலில் பஞ்சாயத்து நடக்கும்போது எங்களால் ஓரளவுக்குத்தான் நிற்க முடியும். இதையும் கூட்டத்துக்கு நடுவில் சொல்ல வேண்டாம், தனியாகக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் அக்காக்களிடம் சொல்வதை எல்லாம் எங்களிடம் சொல்வீர்களா?

இல்லை. யாரோடு சண்டை, யார் மேல் பொறாமை, தம்பிக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது ஏன் என்பதெல்லாம் அவளுக்கும் அக்காவுக்கும் இடையிலேயே இருக்கும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இதை முதல் நாள் மாலை பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். யாராவது அவளைத் தவறாகத் தொட்டதாகச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டியது எங்கள் கடமை. அது உறவுக்காரராக இருந்தாலும், குடும்ப மானம் என்று யார் வந்து கேட்டாலும், வேறு வழி இல்லை.

இன்னொன்று கல்யாணம். பத்தாவது முடித்ததும் மாமன் மகனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், 18 வயது ஆகும்வரை அது குழந்தைத் திருமணம்தான். முதலில் உங்களை வரவழைத்துப் பேசுவோம். நிறுத்துவதாக இல்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் சொல்வோம். வரவழைத்துப் பேசினால் அவளுக்கே ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பேச்சும் இருக்காது, நேராக 1098தான். இது தெரிந்து கோபப்பட்டு மகளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட வீடுகளும் உண்டு, அடுத்த ஆண்டு தங்கையைக் கொண்டுவந்து விட்ட வீடுகளும் உண்டு.